ஒரே பூஞ்சை, வெவ்வேறு நோய்கள்: நுரையீரல் பூஞ்சைத் தொற்றுகளைக் கண்டறிதலும் சிகிச்சையும்

காசநோய்க்கு முறையாக மருந்து உட்கொண்டு குணமாகிவிட்டதாக அறிவிக்கப்பட்ட ஒருவருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து மீண்டும் இருமலும் உடல் மெலிவும் சளியில் இரத்தமும் தோன்றினால், காசநோய் திரும்பிவிட்டது என்ற ஐயமே முதலில் எழும். சளியில் காசநோய்க் கிருமி தென்படாதபோதும், எக்ஸ்ரேயில் குழி தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, பழைய மருந்துகளே மறுபடியும் தொடங்கப்படுவதுண்டு. இத்தகையோரில் ஒரு பகுதியினரின் துன்பத்துக்குக் காரணம், காசநோய் விட்டுச்சென்ற குழியில் குடியேறிய பூஞ்சைதான். நுரையீரல் பூஞ்சைத் தொற்றுகள் காசநோய், ஆஸ்துமா, நிமோனியா, புற்றுநோய் ஆகிய நான்கின் சாயலிலும் வரக்கூடியவை. மருந்தே இல்லாததால் நோயாளியை இழப்பதைவிட, பூஞ்சை என்ற எண்ணம் மருத்துவருக்குத் தாமதமாக வருவதால் இழப்பது அதிகம் என்றே கருத வேண்டியிருக்கிறது.

மண்ணிலும் மட்கும் இலைதழைகளிலும் வளரும் பூஞ்சைகள் கண்ணுக்குத் தெரியாத வித்துகளைக் காற்றில் பரப்புகின்றன. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அவற்றை மூச்சோடு உள்ளிழுக்கிறோம். நுரையீரலை அதிகம் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் பூஞ்சையின் வித்து 2 முதல் 3 மைக்ரோமீட்டர் விட்டமே கொண்டது. ஆதலால் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சிக்காமல் காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும். பூஞ்சை இனங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நம் உடலின் 37 பாகை செல்சியஸ் வெப்பமே தாங்காது. மட்கு உரக் குவியலின் சூட்டில் வளர்ந்து பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸோ 50 பாகையிலும் தழைக்கும். நுண்ணறையை அடைந்த வித்துகளை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள் அழிக்கின்றன. அவற்றுக்குத் தப்பி முளைத்து இழையாக நீள்பவற்றை நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் தாக்குகின்றன. இந்த இரு காவல்களும் ஒழுங்காக இயங்கும்வரை, இத்தனை வித்துகள் உள்ளே வந்து போவதை நாம் உணர்வதே இல்லை.

எனவே ஒருவரின் நுரையீரலில் பூஞ்சை இருக்கிறது என்ற செய்தி மட்டும் எதையும் முடிவு செய்துவிடாது. அது யாருடைய நுரையீரல், அந்த உடலின் எதிர்ப்பாற்றல் எந்நிலையில் இருக்கிறது என்பதே நோயின் வடிவத்தையும் சிகிச்சையையும் தீர்மானிக்கிறது. இதை ஆஸ்பெர்ஜில்லஸைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

ஆஸ்துமா உள்ள சிலரது உடல் இந்தப் பூஞ்சைக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகிறது. மூச்சுக்குழாய்ச் சளியில் பூஞ்சை வளரும். திசுவுக்குள் அது ஊடுருவாது. பாதிப்பை விளைவிப்பது ஒவ்வாமையே. 1952-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயை ஒவ்வாமை சார்ந்த ஆஸ்பெர்ஜில்லஸ் நோய் என்று சொல்லலாம், மருத்துவர்கள் ஏ.பி.பி.ஏ. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள். உறிஞ்சு மருந்துகளை முறையாகப் பயன்படுத்தியும் ஆஸ்துமா கட்டுக்குள் வராமை, பழுப்பு நிறக் கட்டிகளாக வெளிவரும் சளி, எக்ஸ்ரேயில் இன்று ஓரிடத்திலும் சில வாரங்கள் கழித்து வேறிடத்திலும் தோன்றி மறையும் நிழல்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். இரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கு எதிரான ஐ.ஜி.இ. (ஒவ்வாமையின்போது கூடும் எதிர்ப்புரதம்) இருக்கிறதா என்பது முதலில் பார்க்கப்படும். இருந்தால், மொத்த ஐ.ஜி.இ. அளவும் பார்க்கப்படும். 2024-இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வரையறையின்படி அது ஒரு மில்லிலிட்டருக்கு 500 அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முன்பு 1,000 என்ற எல்லை வைக்கப்பட்டிருந்தது. காலம் கடந்தால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துவிடும் என்பதால், கட்டுப்படாத ஆஸ்துமாவுடன் வருவோர் ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனையை ஒருமுறையேனும் செய்துவிடுவது நன்று. சிகிச்சை, வாய்வழி ஸ்டீராய்டு அல்லது இட்ராகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி. இரண்டும் சேர்த்துத் தரப்படுவதும் உண்டு. சிகிச்சை பயனளிக்கிறதா என்பதை ஐ.ஜி.இ. அளவு குறைவதைக் கொண்டு கணிக்கிறார்கள். அது முற்றிலும் இயல்பு நிலைக்கு வர வேண்டும் என்று எதிர்பார்த்து ஸ்டீராய்டை நீட்டிக்கொண்டே போவது தவறு. பெரும்பாலானோருக்கு அது இயல்பு நிலைக்குத் திரும்புவதே இல்லை.

இரண்டாவது வடிவம், தொடக்கத்தில் குறிப்பிட்ட நாட்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் நோய். பழைய காசநோய், நாட்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரலில் அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் போன்றவற்றால் ஏற்கெனவே சிதைந்த நுரையீரலில், பொதுவான எதிர்ப்பாற்றல் ஓரளவு நன்றாகவே இருப்பவர்களுக்கு இது வரும். வேகமாகப் பரவாது, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், குழியின் சுவரைத் தடிக்கச் செய்து, புதிய குழிகளை உண்டாக்கி, மெல்ல அரித்துக்கொண்டே போகும். குழிக்குள் பூஞ்சை இழைகள் உருண்டு திரண்டு பந்துபோல் ஆவதும் உண்டு. நோயாளி குப்புறப் படுத்து எடுக்கும் ஸ்கேனில் அந்தப் பந்து இடம் மாறியிருப்பதைக் காணலாம். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அறிகுறிகள், சி.டி. ஸ்கேனில் பொருத்தமான மாற்றங்கள், இரத்தத்தில் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடி ஆகிய மூன்றும் ஒத்துவந்து, காசநோய் உள்ளிட்ட பிற காரணங்களும் விலக்கப்பட்டால் நோய் உறுதி. சளியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில் பூஞ்சை வளராமல் போவது இங்கு மிகச் சாதாரணம் என்பதால், அதை மட்டும் நம்பி இல்லை என்று சொல்லிவிடக்கூடாது.

இந்த இடத்தில் மருந்து மோதல் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காசநோய்ச் சிகிச்சையின் தூணான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, இட்ராகொனசோல், வொரிகொனசோல் ஆகிய பூஞ்சைக்கொல்லிகளை இரத்தத்தில் நிலைக்கவிடாமல் செய்துவிடும். இரண்டு நோய்களுக்கும் சேர்த்தே மருந்து கொடுத்துவிடலாம் என்று இவற்றை ஒன்றாக எழுதித் தருவது, பூஞ்சைக்கு மருந்தே தராததற்கு ஏறக்குறைய ஒப்பானது. ஆகவே, எது இருக்கிறது என்று பிரித்தறிவதற்குச் செலவிடும் நேரம் வீண் அல்ல. இட்ராகொனசோல் நாளுக்கு இருமுறை 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. குறைந்தது ஆறு மாதம் தர வேண்டும். ஆறு மாதச் சிகிச்சையையும் பன்னிரண்டு மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியான ஆய்வில், நீண்ட காலம் பெற்றவர்களுக்கு நோய் திரும்புவது தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரே ஒரு குழியில் ஒரே ஒரு பந்து, அதனால் இரத்தக் கசிவு என்ற நிலையில், உடல் தாங்குமானால் அறுவைச் சிகிச்சையே நிரந்தரத் தீர்வு. பெருமளவு இரத்தம் வரும்போது, அந்தக் குழிக்கு இரத்தம் ஊட்டும் மூச்சுக்குழாய்த் தமனியை எக்ஸ்ரே படத்தின் வழிகாட்டலில் நுண்குழாய் செலுத்தி அடைப்பது உயிர்காக்கும். ஆனால் பூஞ்சை உள்ளே இருக்கும்வரை கசிவு மீண்டும் வரக்கூடும்.

மூன்றாவது வடிவம் ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லஸ் நோய். இதன் கணக்கு நாட்களில்தான். கடும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டோர், உறுப்பு மாற்றம் பெற்றோர், நீண்ட நாட்கள் அதிக அளவு ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோர் இதற்கு இலக்காகின்றனர். நியூட்ரோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே பத்து நாட்களுக்கு மேல் நீடித்தால் ஆபத்து கூர்மையாக உயர்கிறது. அண்மைக் காலத்தில், கடும் இன்ஃபுளூயன்சா அல்லது கோவிட் காரணமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்போரும் இப்பட்டியலில் சேர்ந்துள்ளனர். பூஞ்சை இழைகள் இரத்தக் குழாய்களைத் துளைத்து அடைப்பதால், அந்தக் குழாய் ஊட்டிய திசு இறந்துபோகிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் நான்கைந்து நாட்களாக இறங்காத காய்ச்சல், மூச்சிழுக்கையில் குத்தும் நெஞ்சுவலி, சிறிதளவு இரத்தம் கலந்த சளி ஆகியவை எச்சரிக்கைகள். ஸ்டீராய்டு உட்கொள்பவருக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம்.

இந்நிலையில் எக்ஸ்ரேயை நம்பிக் காத்திருக்கலாகாது, உடனே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். கணுபோன்ற வெண்ணிழலைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் தெரிவது தொடக்கக் கால அடையாளம்; அது சில நாட்களில் மறைந்துவிடும். வெள்ளணுக்கள் மீண்டு வரும்போது இறந்த திசு சுருங்கி, அதன் ஓரத்தில் பிறைபோல் காற்று தெரியும். முதலாவது அடையாளத்தைக் கண்டு தொடங்கும் சிகிச்சைக்கும், இரண்டாவதைக் கண்ட பிறகு தொடங்கும் சிகிச்சைக்கும் இடையே பலன் பெரிதும் வேறுபடும்.

மேற்சொன்ன மூன்றிலும் கிருமி ஒன்றே. முதல் வடிவத்தில் ஸ்டீராய்டு மருந்து. மூன்றாவதில் அதே ஸ்டீராய்டு நோய்க்கு வழி திறந்துவிடுவது, கூடுமானவரை குறைக்கப்பட வேண்டியது. பரிசோதனைக்கூட அறிக்கையில் ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தது என்ற ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மருந்து எழுதுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும்.

மியூக்கார் இனப் பூஞ்சைகளால் வரும் மியூக்கார்மைக்கோசிஸ் (கருப்புப் பூஞ்சை நோய்) இதே போன்று இரத்தக் குழாய்களைத் துளைப்பது. ஆனால் இன்னும் வேகமானது. கட்டுப்பாடற்ற நீரிழிவு, குறிப்பாக இரத்தம் அமிலத்தன்மை அடையும் கீட்டோஅசிடோசிஸ் நிலை, இதற்குத் தோதான களம்: அமிலத்தன்மை இரத்தப் புரதத்தோடு பிணைந்துள்ள இரும்பை விடுவிக்கிறது, அந்த இரும்பை உண்டு பூஞ்சை பெருகுகிறது. 2021-இல் கோவிட் அலையின்போது இந்தியாவில் பெருகிப் பேசப்பட்டது பெரும்பாலும் மூக்கையும் கண்ணையும் தாக்கும் வடிவம். நுரையீரலைத் தாக்கும் வடிவமும் அதே பூஞ்சைகளால் வருவதே. சி.டி. ஸ்கேனில் மையம் மங்கலாகவும் விளிம்பு அடர்த்தியாகவும் தெரியும் தலைகீழ் ஒளிவட்டம், பத்துக்கு மேற்பட்ட கணுக்கள், நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் ஆகியவை ஆஸ்பெர்ஜில்லஸைவிட இதையே சுட்டும். இவ்வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதன்மை மருந்தான வொரிகொனசோல் மியூக்கார் இனங்களிடம் அறவே பலிக்காது. கொழுப்பு நுண்குமிழிகளில் அடைத்துத் தரப்படும் லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி என்னும் பூஞ்சைக்கொல்லி, நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும்; இறந்த திசுவுக்குள் மருந்து சென்று சேராது என்பதால் இயன்றவிடத்து அதை வெட்டி அகற்ற வேண்டும்; சர்க்கரையையும் அமிலத்தன்மையையும் சரிசெய்ய வேண்டும். இவற்றில் ஒன்றைவிட்டு மற்றவற்றைச் செய்தால் பலன் குறைவு.

நியூமோசிஸ்டிஸ் மற்றவற்றோடு ஒட்டாத ஒரு விந்தைப் பூஞ்சை. நெடுங்காலம் இதை ஒட்டுண்ணி வகை ஓரணுவுயிர் என்றே நினைத்திருந்தார்கள். 1988-இல் மரபணு ஒப்பீட்டின் மூலமே இது பூஞ்சை என்று நிறுவப்பட்டது. 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு இது விளைவிக்கும் நிமோனியா வந்திருப்பதாக வெளியான அறிக்கையே, எய்ட்ஸ் நோயைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவாகவும் அமைந்தது. வறட்டு இருமல், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் மூச்சுத்திணறல், காது வைத்துக் கேட்டால் அநேகமாகத் தெளிவாகவே இருக்கும் நுரையீரல், சில அடிகள் நடந்ததும் சட்டென்று இறங்கும் ஆக்சிஜன் அளவு: இவை சேர்ந்து வந்தால் எச்.ஐ.வி. சோதனையும் நியூமோசிஸ்டிஸ் தேடலும் கட்டாயம். இதன் அணுச்சவ்வில் எர்கோஸ்டெரால் இல்லை. ஆகவே அந்தப் பொருளையே குறிவைக்கும் வழக்கமான பூஞ்சைக்கொல்லிகள் இங்கு உதவுவதில்லை. கோ-ட்ரைமாக்சசோல் என்னும் பழைய, மலிவான ஆன்டிபயாட்டிக்கே 21 நாட்களுக்குத் தரப்படும் முதன்மை மருந்து. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 70 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்தால், எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஸ்டீராய்டும் உடன் சேர்க்கப்படுகிறது. சிடி4 எனப்படும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200-க்குக் கீழே இருப்போருக்கு அதே கோ-ட்ரைமாக்சசோலைத் தற்காப்பாகத் தந்தால் நோயே வராமல் தடுக்க முடியும். எச்.ஐ.வி. இல்லாத, ஸ்டீராய்டோ புற்றுநோய் மருந்தோ எடுப்பவர்களுக்கு இது வரும்போது வேகம் அதிகம், சளியில் கிருமியின் எண்ணிக்கை குறைவு. தவறவிடுவதற்கு வாய்ப்பும் அதிகம்.

பறவை எச்சம் கலந்த மண்ணிலிருந்து வரும் கிரிப்டோகாக்கஸ் நுரையீரலில் நுழைந்து மூளைக்குச் செல்லும் இயல்புடையது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு நுரையீரலில் இது கண்டறியப்பட்டால், தலைவலி இல்லாவிட்டாலும் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தே ஆக வேண்டும்; மூளைக்குப் பரவியிருந்தால் மருந்தும் அளவும் முற்றிலும் மாறிவிடும். நுரையீரலோடு நின்ற, மிதமான நோய்க்கு ஃப்ளூகொனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி 6 முதல் 12 மாதங்கள் போதும். வௌவால் குகைகளிலும் பறவைகள் அடையும் இடங்களிலும் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா, காசநோயைப் போலவே சுண்ணமேறிய முடிச்சுகளையும் குழிகளையும் உண்டாக்கும். காக்சிடியாய்டிஸ் என்பதோ அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களுக்கு உரியது; அப்பகுதிக்குப் பயணம் செய்து திரும்பியவருக்கு எங்கு வேண்டுமானாலும் வெளிப்படலாம். பயணத்தையும் தொழிலையும் பற்றிக் கேட்கும் இரண்டு கேள்விகள் இங்கே விலையுயர்ந்த பல சோதனைகளுக்கு மேலானவை.

கேண்டிடா பற்றி இடையில் ஒரு சொல். சளிச் சோதனையில் மிக அதிகமாக வளரும் பூஞ்சை இதுவே. வாயிலும் தொண்டையிலும் இயல்பாக வாழ்வது சளியோடு கலந்து வருகிறது, அவ்வளவுதான். கேண்டிடாவால் நிமோனியா வருவது மிக மிக அரிது. ஆயினும் இந்த அறிக்கையைக் கண்டு பூஞ்சைக்கொல்லி தொடங்கும் பழக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்னும் மறையவில்லை. உண்மையான காரணத்தைத் தேடும் முயற்சியையும் அது மழுங்கடித்துவிடுகிறது.

சோதனைகளுக்கு வருவோம். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே இறுதிச் சான்று. ஆஸ்பெர்ஜில்லஸ் இழைகள் மெல்லியவை, குறுக்குச் சுவர் உடையவை, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் கிளைப்பவை. மியூக்கார் இழைகள் நாடாபோல் அகன்றவை, குறுக்குச் சுவர் அரிதானவை, செங்கோணத்தில் கிளைப்பவை. ஆனால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த நோயாளியின் நுரையீரலில் ஊசி செலுத்துவது பெரும்பாலும் இயலாத காரியம். அதனால், மூச்சுக்குழாய்க்குள் உள்நோக்கியைச் செலுத்தி எடுக்கும் கழுவுநீரே நடைமுறையில் மிகப் பயனுள்ள மாதிரி. ஆஸ்பெர்ஜில்லஸ் தன் உறையிலிருந்து கசியவிடும் கேலக்டோமன்னன் என்னும் பொருளை அந்நீரில் அளக்கலாம். நியூட்ரோபில் குறையாத நோயாளிகளில் இரத்தத்தைவிடக் கழுவுநீரில்தான் அது நம்பத்தக்கது. பல பூஞ்சைகளுக்குப் பொதுவான பீட்டா-டி-குளுக்கான் சோதனை நியூமோசிஸ்டிஸுக்கு நன்கு உதவும். ஆனால் இம்யூனோகுளோபுலின் ஏற்றியவர்களுக்கும் சிலவகை டயாலிசிஸ் சவ்வுகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் பொய்யாக உயர்ந்து காட்டும். மியூக்கார் நோயில் இவ்விரு சோதனைகளும் எதிர்மறையாகவே வரும். மியூக்காரை ஆய்வகத்தில் வளர்ப்பதற்குத் திசுவை அரைக்காமல் சிறு துண்டுகளாக நறுக்க வேண்டும். அரைத்தால் இழைகள் சிதைந்து எதுவும் வளராது. எதை ஐயுறுகிறோம் என்பதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

முழு உறுதி கிடைக்கும்வரை காத்திருந்தால் ஊடுருவும் நோயில் காலம் கடந்துவிடும். இதனால்தான் ஆய்வு வரையறைகள் உறுதியானது, பெரும்பாலும் இருக்கக்கூடியது, இருக்கலாம் என மூன்று படிகளை வைத்துள்ளன. ஆபத்து மிகுந்த நோயாளிக்கு மூன்றாம் படியிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, சோதனைகளைத் தொடர்வது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை.

பூஞ்சையின் அணு அமைப்பு பாக்டீரியாவைவிட நம் அணுவுக்கு நெருக்கமானது. பூஞ்சையைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்துகள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். அணுச்சவ்வில் நம்மிடம் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சையிடம் எர்கோஸ்டெரால் இருக்கிறது. இட்ராகொனசோல், வொரிகொனசோல் போன்ற அசோல் மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. ஆம்போடெரிசின் அதனுடன் நேரடியாகப் பிணைகிறது. எக்கினோகேண்டின் வகை அணுச்சுவரின் குளுக்கானைத் தாக்குகிறது. ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லஸில் பழைய ஆம்போடெரிசினோடு வொரிகொனசோலை ஒப்பிட்டு 2002-இல் வெளியான ஆய்வில், 12 வார முடிவில் உயிருடன் இருந்தோர் 57.9 விழுக்காட்டிலிருந்து 70.8 விழுக்காடாக உயர்ந்தனர். அன்றிலிருந்து அதுவே முதல் தேர்வானது. பின்னர் வந்த ஐசவுகொனசோலும் போசகொனசோலும் அதற்கு இணையான பலனைக் குறைந்த பக்கவிளைவுகளுடன் தருகின்றன.

வொரிகொனசோலை உடல் செரிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும் என்பதால், இரத்தத்தில் அதன் அளவைப் பார்ப்பது அவசியம்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பலிக்காது, 5.5-ஐத் தாண்டினால் மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் வரக்கூடும். இட்ராகொனசோல் காப்ஸ்யூலை உணவோடு உட்கொள்ள வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் அது உடலில் சேர்வதைக் கெடுக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது ஆகாது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் புடெசொனைடு, ஃப்ளூட்டிகாசோன் ஆகியவற்றோடு சேரும்போது, உறிஞ்சு மருந்தே வாய்வழி ஸ்டீராய்டைப் போல உடல் முழுதும் விளைவு காட்டத் தொடங்கும். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைத் தாக்குவதோடு பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் குறைக்கும். லிப்போசோமல் வடிவில் இத்தீங்கு குறைவு.

சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்தில், ஊடுருவும் நோயின் நிழல்கள் ஸ்கேனில் பெரிதாகவே தெரியும். நோயாளி தேறிவரும்போதுகூட இவ்வாறு நிகழும். வெள்ளணுக்கள் மீளும்போது இது இன்னும் மிகும். இதைத் தோல்வியென எண்ணி மருந்தை மாற்றுவது அடிக்கடி நேரும் அவசரம். குறைந்தது 6 முதல் 12 வாரங்களுக்குச் சிகிச்சை நீள வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடரும்வரை பூஞ்சைக்கொல்லியும் தொடர வேண்டியிருக்கும்.

மருந்துக்குப் பணியாத ஆஸ்பெர்ஜில்லஸ் இப்போது கூடுதல் கவலையாக உருவெடுத்துள்ளது. பயிர்களுக்கும் பூக்கிழங்குகளுக்கும் தெளிக்கப்படும் பூஞ்சைக்கொல்லிகள் மனிதருக்குத் தரப்படும் அசோல்களின் வேதி உறவினர்கள். மண்ணிலேயே அவற்றுக்குப் பழகிய பூஞ்சையின் வித்தை ஒருவர் உள்ளிழுத்தால், வாழ்நாளில் ஒரு அசோல் மாத்திரையும் உட்கொள்ளாத அவரிடம் வொரிகொனசோல் பலிக்காது. நெதர்லாந்தில் முதலில் விரிவாக ஆராயப்பட்ட இந்த எதிர்ப்பு இன்று பல கண்டங்களில் காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 19 முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் மிக அபாயகரமான நான்கினுள் ஒன்றாக இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே பூஞ்சை வளர்ந்த ஒவ்வொரு மாதிரியையும் மருந்துணர்திறன் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு உறுதியானாலோ, அது பரவலாக உள்ள பகுதியில் முடிவு வரத் தாமதமானாலோ, லிப்போசோமல் ஆம்போடெரிசினுக்கு மாறுவது அல்லது வொரிகொனசோலோடு ஒரு எக்கினோகேண்டினைச் சேர்ப்பது என்ற இரண்டே வழிகள்தான் இப்போதைக்குக் கையில் உள்ளன.